நின்ற இடத்தில் எரிந்த கலோரிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பெங்களூரிலிருந்து பார்சல் வந்தது. இரண்டு வாட்ச். ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவி சாந்தாமணிக்கு. மகள் தர்ஷிணி அனுப்பியிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை யாரோ அவளிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன, இந்த வீட்டில் என்னைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

மணிக்கட்டில் கட்டினால் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறது. நாடித் துடிப்பு, நடந்த தூரம், எரிந்த கலோரி எல்லாம் காட்டுமாம். தெய்வசிகாமணி, வயது ஐம்பத்து நான்கு, எடை எண்பத்திரண்டு என்று என் விவரத்தைப் பதிந்தேன். சாந்தாமணியின் வாட்சையும் நானேதான் பதிந்து கொடுத்தேன். அவள் கணக்கு அவள் போனிலும் திறக்கும், என் போனிலும் திறக்கும். இந்த வீட்டில் எல்லா பாஸ்வேர்டும் என்னிடம்தான். அவளிடம் கொடுத்தால் மறந்து தொலைப்பாள்.

நாட்குறிப்பும் இன்றிலிருந்துதான் ஆரம்பம். பஞ்சாலையில் முப்பது வருடமாகத் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் நான். நூலின் தடிப்பும் மெலிவும் வரைபடத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்தே எந்த மெஷினில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அளந்ததை எழுதி வைக்காவிட்டால் அளந்து என்ன பயன்?

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் மெயின் ரோட்டில் வேகு வேகென்று நடந்தேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். சாயங்காலம் இரண்டு பேர் கணக்கையும் எடுத்துப் பார்த்தால் சாந்தாமணி என்னைவிட அதிகம் எரித்திருக்கிறாள். எப்படி? பூங்காவில் பெண்கள் கும்பலோடு நின்று கையைக் காலை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அடுப்படி.

அந்தப் பூங்காவில் லோகநாதன் என்று ஒருவன் இலவசமாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறான். பட்டாளத்தில் இருந்து திரும்பியவன், நாற்பத்தைந்து வயதிருக்கும், வயிறு என்ற ஒன்று அவனுக்கு இல்லை. பாட்டுப் போட்டு, கை தட்டி, சிரிக்க வைத்து என்னென்னவோ செய்கிறானாம். என்னையும் கூப்பிட்டாள். கும்பலில் நின்று கும்மி அடிக்க எனக்கு வராது என்றேன்.

பெண்டாட்டியிடம் கலோரியில் தோற்றதற்கு ஒரு மனிதன் இப்படி எரிச்சல் படலாமா என்றால், படலாம். எனக்குப் பட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாட்சில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மில்லில் ஒரு அளவுக் கருவி மேல் சந்தேகம் வந்தால் இன்னொன்றோடு மாற்றி மாட்டிப் பார்ப்போம். அதேபோல் நேற்று அவள் வாட்சை நான் கட்டிக்கொண்டேன், என்னுடையதை அவளுக்குக் கட்டிவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டு வாட்சும் ஒழுங்கானவை. அவள் துடிப்புதான் அதிகம்.

ஆகஸ்ட் 9, சனி

கலோரி சங்கதியைத் துருவிப் படித்தேன். இந்த வாட்சுக்குக் கலோரியை நேராக அளக்கத் தெரியாது. இதயம் எத்தனை தரம் துடித்தது என்று எண்ணுகிறது, வயது, எடை, ஆணா பெண்ணா என்று பார்க்கிறது, அதை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்தால் இதயம் தாங்கும் உச்சத் துடிப்பு, தோராயமாக. எனக்கு நூற்று அறுபத்தாறு. அதில் பாதிக்கு மேல் போனால் மிதமான பயிற்சி, முக்காலைத் தாண்டினால் கடுமையான பயிற்சி. துடிப்பு ஏறினால் கலோரி ஏறும். எதனால் ஏறியது என்று வாட்ச் கேட்காது.

ஆக சாந்தாமணிக்கு இதயம் ஏதோ ஒன்றுக்காக என்னைவிட வேகமாகத் துடிக்கிறது. எதற்காக என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குழம்பில் உப்பு இல்லை. சொன்னேன். தட்டு கை தவறிக் கீழே விழுந்தது. மெஷின் இரைச்சலில் முப்பது வருடம் பேசிப் பழகியவனுக்குக் குரல் உயரத்தான் செய்யும், அதைச் சத்தம் போடுவதாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? கை நீட்டுகிறவன் இல்லை நான். அவளைக் கேட்டால் அவளே சொல்வாள்.

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் வாட்ச் அவளைப் பாராட்டியிருந்தது. ‘இன்று மிதமான பயிற்சி இலக்கை எட்டினீர்கள்.’ ஞாயிற்றுக்கிழமை, பூங்கா வகுப்போடு சரி, அப்புறம் வீட்டை விட்டு வெளியே போகவேயில்லை. எனக்கு ஒரு பாராட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

அவளுடைய ஒரு வாரத்து வரைபடத்தை வரிசையாக வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு மேடு, அது பூங்கா. பிறகு பகல் முழுக்கச் சமதரை. சாயங்காலம் ஆறே முக்கால் வாக்கில் இன்னொரு மேடு, நூற்றிருபதுக்கு மேல். வேலை நாள் அத்தனையிலும் இருக்கிறது. நூலில் ஒரே இடைவெளியில் தடிப்பு வந்தால் அது தற்செயல் இல்லை, எங்கோ ஒரு சக்கரம் இடிக்கிறது என்று அர்த்தம். இது எனக்குச் சோறு போட்ட படிப்பு.

ஆறே முக்காலுக்கு நான் மில்லிலிருந்து புல்லட்டில் வந்துகொண்டிருப்பேன். வீட்டில் நான் இல்லாத கடைசி நிமிடங்கள் அவை. தெரிந்துதான் நேரம் குறித்திருக்கிறார்கள். நான் கேட்டுக்குள் நுழையும்போது அவள் கேட்டைத் திறந்து பிடித்தபடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பதை இத்தனை நாள் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒருத்திக்கு நின்ற இடத்தில் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்கிறது என்றால் காரணம் ஒன்றுதானே இருக்க முடியும்? கல்யாணமான புதிதில் எனக்கும் அடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 13, புதன்

அவள் குளிக்கும்போது போனைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அழைப்பு ஏதும் இல்லை. அழித்திருப்பாள். அழிக்கத் தெரியாதே என்றும் ஒரு மனது சொல்கிறது. லோகநாதன் கற்றுக் கொடுத்திருப்பான். பட்டாளத்தானுக்குத் தெரியாததா.

சாயங்காலம் வந்ததும் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். “இல்லீங்களே” என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. காபி டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம், மில் லீவு. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். இருந்து பார்த்தேன் என்றே சொல்லலாம். ஆறே முக்கால் மேடு இன்று வரவில்லை. வருமா? ஆள் வீட்டில் இருக்கும்போது எவன் துணிவான்?

ஆனால் வேறொன்று நடந்தது. காலையிலிருந்து படுக்கும்வரை கோடு ஒரு நிலையில் இல்லை. நான் சமையலறைக்குள் போனால் ஏறுகிறது, நான் வெளியே வந்தால் இறங்குகிறது. சாந்தா என்று கூப்பிட்டால் குப்பென்று ஏறுகிறது. அவனைப் பார்க்க முடியாமல் தவிக்கிறாள் போல. என் குரல் கேட்டதும் மாட்டிக்கொள்வோமோ என்று குற்றமுள்ள நெஞ்சு குதிக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. எழுதுவதில் வெட்கம் என்ன, இது பொறாமைதான். என் பெண்டாட்டி மேல் எனக்கு இல்லாத பொறாமை பக்கத்துத் தெருக்காரனுக்கா இருக்கும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேரில் பார்த்துவிடுவது என்று அவளோடு பூங்காவுக்குப் போனேன். நானும் வருகிறேன் என்றதும் ஒரு கணம் செருப்பை மாட்டாமல் நின்றாள். பிறகு “வாங்க” என்றாள்.

லோகநாதன் எனக்குக் கை கொடுத்தான். இரும்புக் கை. முப்பது பேர் இருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. சாந்தாமணி கடைசி வரிசையில் தரையைப் பார்த்தபடி கையை ஆட்டினாள். அவள் பக்கத்தில் நின்ற ஒரு குண்டம்மா அவளை இடித்து, என்னக்கா இன்னைக்கு மௌன விரதமா என்று கேட்டாள். தினமும் இவள் பேசுகிற பேச்சில் எல்லோருக்கும் வயிறு வலிக்குமாம். மாஸ்டரைப் போலவே நடந்து காட்டுவாளாம். யாரைச் சொல்கிறாள்? சாந்தாமணியையா? வீட்டில் அவள் உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை. முப்பது பேருக்குக் கொடுக்கிற சிரிப்பில் எனக்கு ஒரு பங்கு கிடையாதா?

பாதியில் அவன் அவளருகே வந்தான். நான் விறைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்தான். உட்காரச் சொன்னான். பிறகு என்னிடம் வந்து, சும்மா கையை வீசுவதற்கே நூற்று நாற்பது காட்டுகிறது, மற்ற நாளில் ஓடினாலும் இவ்வளவு போகாது என்றான்.

“வேகத்துல ஏறுனா நல்லதுங்க சார். நின்ன எடத்துல ஏறுனா ஒண்ணு காச்சலா இருக்கோணும், இல்லீன்னா பயமா இருக்கோணும்.”

பயமா? புருஷன் பக்கத்தில் நிற்கும்போது என்ன பயம்? குட்டு உடைந்துவிடுமோ என்ற பயம்தான். நன்றாகத்தான் நடிக்கிறார்கள் இரண்டு பேரும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வயிற்று வலி என்று சொல்லி மில்லிலிருந்து முன்னதாகக் கிளம்பினேன். புல்லட்டை அங்கேயே விட்டுவிட்டு பஸ்சில் வந்தேன். சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்து சுவரோரம் நின்றேன். ஐம்பத்து நான்கு வயதில் சொந்த வீட்டுச் சுவருக்கு ஒளிந்து நிற்கிற நிலைமை.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சாந்தாமணி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, டிவியில் வருகிறவளைப் பார்த்து, “அட கிறுக்கி, அவன நம்பிப் போறியே” என்று சொல்லித் தானே சிரித்தாள். உரக்க. ஆளில்லாத வீட்டில் தனியாக. என் போனில் அவள் துடிப்பு எழுபத்திரண்டு.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். கீரை சிதறியது. எழுந்து நின்றவளின் மணிக்கட்டை நான் பிடித்துப் பார்த்தேன். நூற்றிருபத்தொன்பது. கீரை ஆய்கிறவளுக்கு நூற்றிருபத்தொன்பது.

“எங்கடி அவன்?”

“யாருங்?”

ரூம், பாத்ரூம், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். யாரும் இல்லை. இறங்கி வந்தால் டிவியை அணைத்திருந்தாள். கீரையைப் பொறுக்கிக்கொண்டே, காபி வைக்கட்டுமா என்று கேட்டாள். யாரைத் தேடினீர்கள் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பூங்காவுக்கு இனிமேல் போக வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

புல்லட்டைக் காலையில் ரங்கராஜ் ஒர்க் ஷாப்பில் விட்டிருந்தேன். கிளட்ச் வேலை. நான் மில் வேனில் வந்து எங்கள் தெரு முனை பேக்கரியில் இறங்கிக்கொண்டேன். ரங்கராஜிடம், வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுச் சாவியை பேக்கரியில் கொண்டுவந்து கொடு என்று சொல்லியிருந்தேன். என் திட்டம் இதுதான். ஆறே முக்காலுக்குத் தெருவில் யார் நுழைகிறான் என்று பார்ப்பது. பேக்கரியிலிருந்து பார்த்தால் எங்கள் கேட் தெரியும். கையில் போன், போனில் அவள் கோடு. ஒரு டீ, ஒரு வர்க்கி.

ஆறே முக்கால் ஆயிற்று. எழுபத்து நான்கு. யாரும் வரவில்லை. ஏழு ஆயிற்று. எழுபத்து மூன்று. லோகநாதன் வரவில்லை. எந்தப் பயலும் வரவில்லை. கோடு அப்படியே படுத்துக் கிடந்தது. மில்லில் அந்த மாதிரி நூல் ஓடினால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பாராட்டுவேன்.

ஏழே காலுக்கு ரங்கராஜ் புல்லட்டில் வந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுத் தெருவுக்குள் திரும்பினான். டுப் டுப் என்று அந்தச் சத்தம். போனில் எண்பத்தெட்டு. நூற்றைந்து. அவன் வீட்டை எட்டும்போது நூற்றிருபத்தாறு.

சிரிக்காமல் எழுதுகிறேன்: ஒரு நிமிடம் நான் ரங்கராஜைச் சந்தேகப்பட்டேன். அறுபது வயது, மேல் பல் வரிசையில் பாதி கிடையாது.

கேட் திறந்தது. அவள் ஓடி வந்து திறந்தாள். அது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஹாரன் அடிக்க மாட்டேன். வண்டிச் சத்தம் கேட்டதும் கேட் திறந்திருக்க வேண்டும், நான் காலை ஊன்றக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டொரு முறை சொன்னேன், அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரங்கராஜ் வண்டியை நிறுத்தினான். ஏதோ பேசினார்கள். கோடு சரசரவென்று கீழே வந்தது.

அவன் நடந்து வந்து சாவியைக் கொடுத்தான். ஒரு டீ சொன்னேன்.

“அக்கா கேட்டைத் தொறந்துட்டு என்னைப் பாத்தாங்க. அப்படியே படில உக்காந்துட்டாங்க. அட, நீங்களான்னு சிரிப்பா சிரிக்கறாங்க. சாரு வரலியா, வர நேரமாகுமான்னு ரெண்டு மூணு வாட்டி கேட்டாங்க. மோர் குடுத்தாங்க.”

டீக்கு நானே காசு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஓடினால் துடிப்பு ஏறத்தானே செய்யும். சமையலறையிலிருந்து கேட்டுக்கு ஓடி வருகிறாள், அதனால் ஏறுகிறது. இதற்குப் போய் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் அதுதான். வேறு ஒன்றும் இல்லை.

அவள் ஓடத் தொடங்கும் முன்பே, வண்டிச் சத்தம் கேட்டதுமே எண்பத்தெட்டுக்குப் போயிருந்ததே என்று யாராவது கேட்டால்? யாரும் கேட்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் அவளிடம் சொன்னேன், இன்றிலிருந்து நீ கேட் திறக்க வேண்டாம், நானே இறங்கித் திறந்துகொள்கிறேன், உள்ளேயே இரு என்று. நல்லதாகத்தான் சொன்னேன். ஓட்டத்தைக் கழித்துவிட்டால் மேடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சோதனை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

சாயங்காலம் இறங்கி, நானே திறந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். சமையலறையில் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கக்கூட இல்லை. நூற்று நாற்பத்தொன்று.

“நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்ளா?” என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கேட்டை அவளே திறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. தர்ஷிணி காலையிலேயே பஸ்சில் வந்து இறங்கினாள். அவள் வந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். அம்மாவும் மகளும் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே குசுகுசுவென்று பேசினார்கள். நான் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது பேச்சு நின்றது. மகள் மேல்கூட ஒருவனுக்குப் பொறாமை வரும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

கொழுக்கட்டை நன்றாக இருந்தது. வெல்லம் கொஞ்சம் தூக்கல். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது தர்ஷிணி அம்மாவின் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், அம்மாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இவ்வளவு துடிப்பு இருக்கக் கூடாது, பெங்களூருக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்றாள். நான் மில் ஆடிட் இருக்கிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

“கேக்கலீங்ப்பா. சொல்றேன்.”

குரல் உயர்த்தப் போனேன். அவள் அப்படியே என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயரவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

போய்விட்டார்கள். இட்லி மாவு, பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு எல்லாம் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். பஸ் ஏறும்போது, எண்ணெய் தீர்ந்தால் எங்கே இருக்கிறது என்று மூன்று முறை சொன்னாள். நானும் சரி சரி என்றேன். எப்போது வருவாய் என்று கேட்க வந்தது, தர்ஷிணி பக்கத்தில் நின்றதால் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. பேக்கரியில் சாப்பிட்டேன். குண்டம்மா எதிரில் வந்து, அக்கா எப்ப வருவாங்க, அவங்க இல்லாம வகுப்பே சப்பென்று இருக்கிறது என்றாள். லோகநாதனும் கேட்டானாம், பின்வரிசையில் யாரோ ஒருவருடைய இடம் காலியாக இருக்கிறதே என்று. அவனுக்கு அவள் பெயர்கூடத் தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

தர்ஷிணி போன் செய்தாள். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லையாம். இதயம் இருபத்தைந்து வயதுப் பெண்ணுடையதைப் போல இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். சந்தோஷம் என்றேன். “வீட்ல ஏதாச்சும் டென்சனான்னு கேட்டாருங்ப்பா” என்றாள். நீ என்ன சொன்னாய் என்றேன். அம்மா முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டுக்காரர் தங்கமானவர் என்று சொல்லிவிட்டாளாம்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு வாரத்து வரைபடம். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன்.

காலையில் ஒரு மேடு. தர்ஷிணியோடு ஏரிக்கரையில் நடக்கிறாளாம். நல்ல மேடு, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது, உடற்பயிற்சி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்கப்புறம் நாள் முழுக்கச் சமதரை. சாயங்காலமும் சமதரை. எரித்த கலோரி பாதியாகக் குறைந்துவிட்டது. வாட்ச் அவளைத் திட்டுகிறது: ‘இந்த வாரம் உங்கள் முயற்சி குறைந்துள்ளது.’ முட்டாள் வாட்ச். இத்தனை நாள் எதற்குப் பதக்கம் கொடுத்தாய் என்று தெரியுமா உனக்கு?

முப்பது வருடத்தில் இவ்வளவு சீரான கோட்டை நான் பார்த்ததில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. லோகநாதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், ரங்கராஜைப் பார்த்துக்கூட. அவர்களுக்கெல்லாம் கையும் காலும் முகமும் இருந்தன, போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இப்போது நான் இல்லாத ஒரு வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். யார் சட்டையைப் பிடிப்பது?

செப்டம்பர் 6, சனி

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டியை நிறுத்தினேன். அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். நாளைக்கு ஞாயிறு, பஸ் ஏறினால் திங்கள் காலையில் வந்துவிடலாம். கோபப்படாமல், தணிந்த குரலில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். அதே திரையில் அவள் கோட்டையும் திறந்து வைத்தேன். எழுபத்தொன்று. மணி அடித்தது. தொண்ணூற்றாறு. எடுப்பதற்குள் நூற்றுப் பதினான்கு.

“ஏனுங்” என்றாள். எப்போதும் போல அதே குரல். பதற்றம் இல்லை, சுருக்கம் இல்லை. இருபத்தேழு வருடமாக நான் இந்தக் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். முடிந்தவரை மென்மையாகக் கேட்டேன். நூற்றிருபத்திரண்டு. நான் தணிந்து பேசினால் பின்னால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும் போல.

“எம்மேல ஏதாச்சும் கோவமுங்ளா?”

“இல்ல சாந்தா.”

நூற்றிருபத்தேழு.

“வரச் சொல்றீங்ளா? நாளைக்கே வேணும்னாலும் பஸ் ஏறிர்றனுங். துணியெல்லாம் மடிச்சுத்தான் வெச்சிருக்கறேன்.”

ஆமாம், வா என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மடித்த துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். திங்கள் சாயங்காலம் கேட் திறந்திருக்கும். திரையில் நூற்று முப்பத்து மூன்று. குரலில் ஒன்றும் இல்லை.

“வேண்டாம். அங்கயே இரு” என்றேன். “உனக்கு இருக்கத் தோணற வரைக்கும் இரு.”

கோடு இறங்கவில்லை. நம்பவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்ப மாட்டேன். அழுகை வந்தது எனக்கு. அழுதால் இன்னும் ஏறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேறு என்ன சொன்னால் இறங்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“வெச்சுர்றேன்” என்றேன்.

“சரிங்” என்றாள்.

அந்தச் ‘சரிங்’ முடிவதற்குள் நூற்றிருபது. போனை வைத்ததும் நூற்று நான்கு. அப்புறம் தொண்ணூறு. எண்பத்திரண்டு. எழுபத்தொன்று வரும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.